நெட்டாக நிறுத்திய தகரம்

எட்டடி நீளம், நாலடி அகலம் கொண்ட துத்தநாகம் பூசிய ஓர் இரும்புத் தகட்டைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் அதைத் தகரம் என்றுதான் சொல்வார்கள். எழுபத்தெட்டு ஆனி மாதத்தில் திருவண்ணாமலை தேரடி வீதியில் ஓர் இரும்புக் கடையில் என் தங்கையின் கணவர் அதை வாங்கினார். வாங்கிய கையோடு, நான் உதவியாளராக இருந்த நூலகத்துக்கு வந்தார். தகடு வெளியே மாட்டு வண்டியில் கிடந்தது. "நெல்லு கொட்டி வெக்க ஒரு குதிரு செய்யணும் மச்சான். எலித் தொல்ல தாங்கல" என்றார். அன்றைய நாட்குறிப்பில் இதை எழுதியிருக்கிறேன். அன்று மாலை தூறல் போட்டதையும் எழுதியிருக்கிறேன். எல்லாவற்றையும் எழுதுவது என் வழக்கம்.

குதிர் செய்யப்படவில்லை. ஐப்பசியில் அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. பதினோரு நாள் கிடந்து போய்விட்டார். தங்கைக்கு அப்போது இருபத்தாறு வயது. பெண் குழந்தைக்கு ஆறு. அடி அண்ணாமலைக்கு அப்பால் உள்ள அவர்கள் ஊரில் நிலமெல்லாம் கூட்டாக இருந்தது. கணவருடைய அண்ணன்தான் பார்த்துவந்தார். வயது மூத்தவர் என்பதால் நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். தங்கையின் மாமனார் படுக்கையில் கிடந்தார். அவர் இருக்கும்வரை நிலத்தைப் பிரிக்கக் கூடாது என்று ஊரில் பேசினார்கள். சட்டம் வேறு மாதிரி சொல்கிறது என்பது எனக்குத் தெரியும். அதற்கான புத்தகம் நூலகத்தில் இரண்டாவது அலமாரியில் இருந்தது. ஆனால் வழக்கு முடிவதற்குள் தங்கைக்கு முடி நரைத்துவிடும் என்று நினைத்தேன். சமாதானமாகப் போவதே புத்திசாலித்தனம் என்றும் நினைத்தேன்.

எழுபத்தொன்பது தை மாதம், பொங்கல் கழிந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, களத்திலேயே ஊர் கூடியது. போரடித்த நெல் குவிந்து கிடந்தது. நாட்டாமை தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். கைம்பெண்ணுக்கும் குழந்தைக்கும் வருஷத்துக்கு எவ்வளவு நெல் என்பதுதான் பேச்சு. மரக்கால் கணக்குப் பேசினால், அளக்கிறவன் கை குவிக்கும், கை வழிக்கும் என்று ஒருவர் சொன்னார். மூட்டைக் கணக்குப் பேசினால், எந்த மூட்டை, எத்தனை குத்து குத்திய மூட்டை என்று இன்னொருவர் கேட்டார். வெயில் ஏறிக்கொண்டே போனது.

கடைசியில் நாட்டாமைதான் அந்தத் தகரத்தைக் காட்டினார். மாட்டுக் கொட்டகைச் சுவரில் சாத்தி வைத்திருந்தார்கள்.

"அது அவ புருசன் வாங்குனது தான? அத சுருட்டிக் கயித்தால கட்டி களத்துல நிறுத்து. வருசா வருசம் தையில ஒரு தபா ரொப்பிக் குடுத்துடு. அந்தப் பொண்ணு அந்த வீட்டுல இருக்கற வரைக்கும். அவ கேக்கவும் வேணாம், நீ அளக்கவும் வேணாம்."

எல்லோருக்கும் அது பிடித்துப்போனது. இரும்பிலே கை வித்தை கிடையாது என்றார்கள். மாமாவும் தலையாட்டினார். இரண்டு ஆட்கள் தகரத்தைக் கொண்டுவந்து, நீளப் பக்கத்தை வளைத்து, முனைகளை ஒரு சாண் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, தாம்புக் கயிற்றால் இரண்டு சுற்றுக் கட்டி நிறுத்தினார்கள். அடியில்லாத பீப்பாய் மாதிரி, அகலமாக, நாலடி உயரத்தில் நின்றது. என் நெஞ்சுக்குக் கூட வரவில்லை.

நான் எழுந்தேன். அந்த நிமிஷத்தை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். காலையிலிருந்தே எனக்கு மாமா மேல் சந்தேகம். அவர் ஏன் இவ்வளவு சுலபமாகத் தலையாட்டினார்? ஆட்கள் ஏன் கேட்காமலே இப்படிக் குட்டையாகக் கட்டினார்கள்?

"இன்னா மாமா இது, எட்டடித் தகரத்த நாலடியா நிறுத்தறீங்க?" என்றேன். "பாதி உயரம் எங்க போச்சி? தம்பி பொண்டாட்டி வயித்துலயே அடிக்கறீங்களா?"

மாமாவின் முகம் கறுத்தது. "சுருட்டச் சொன்னாங்க, சுருட்டனேன். இதுல இன்னா ஏமாத்து இருக்குது?" என்றார்.

"படிக்காத பொண்ணு, எதுவும் கேக்க மாட்டான்னு நெனச்சீங்களா? அவளுக்கு அண்ணன்காரன் இருக்கான். நெட்டா நிறுத்துங்க."

பின்னால் பெண்களோடு நின்றிருந்த தங்கை மெதுவாகச் சொன்னாள்: "அண்ணா, அகலமா இருக்கறதே போதும்ணா. வுட்டுடு."

"நீ சும்மா இரு, உனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன்.

கயிற்றை அவிழ்த்து, இந்த முறை குறுகிய பக்கத்தை வளைத்துக் கட்டினார்கள். தகரம் எட்டடி உயரம் நின்றது; கோயில் கம்பம் மாதிரி. பிடித்துக்கொள்ளவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. பக்கத்தில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, அதன்மேல் ஏறிக் கூடை கூடையாகக் கொட்டினார்கள். ஒவ்வொரு கூடை விழும்போதும் தகரம் ஓசையிட்டது. அண்ணாந்து பார்த்த கூட்டத்திலிருந்து யாரோ, "தோ பாருடா, லைப்ரரிக்காரரு தங்கச்சிக்குக் கோபுரமே கட்டிட்டாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. மாமா சிரிக்கவில்லை.

பிறகு வெள்ளைத்தாளில் ஒப்பந்தம் எழுதினேன். ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, நட்சத்திரம், கூடியிருந்தோர், தகட்டின் நீள அகலம், முனைகள் எவ்வளவு ஏறியிருக்க வேண்டும் என்பது, எத்தனை கட்டு என்பது எதையும் விடவில்லை. "மேகம் இருந்ததையும் எழுதுங்க சாமி, பின்னால எவனாவது கேப்பான்" என்று நாட்டாமை கிண்டல் செய்தார். 'தகடு எக்காலத்தும் எட்டடி உயரமாகவே நிறுத்தப்படும். வேறு விதமாக நிறுத்தி அளப்பது செல்லாது' என்று ஒரு வரியை நானாகச் சேர்த்தேன். அடியில் கோடும் போட்டேன். மாமா கையெழுத்துப் போட்டார். தங்கை பெருவிரலை வைத்தாள்.

அந்த ஆண்டு ஆடி மாதமே தங்கையின் வீட்டில் நெல் தீர்ந்துவிட்டது. முதல் வருஷம், துக்கம் விசாரிக்க வந்துபோனவர்களுக்குச் சமைத்ததில் போயிருக்கும் என்று நினைத்தேன். அடுத்த ஆண்டு ஆனியிலேயே தீர்ந்தது. கேழ்வரகுக் கூழும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலைக் காட்டில் கூலியாகக் கிடைத்ததும்தான் சாப்பாடு. மல்லாட்டைக் கொடியிலிருந்து காய் ஆய்ந்து ஆய்ந்து அவள் விரல் நுனிகள் கறுத்துப் போயிருந்தன. நான் என் பங்குக்கு ரேஷன் அரிசியில் கொஞ்சம் பையில் போட்டுக்கொண்டு மாதம் ஒரு முறை போவேன். எனக்கு மூன்று பிள்ளைகள், ஒற்றை அறை வீடு, நூலகச் சம்பளம். "எங்க வூட்டுக்கே வந்துடேன்" என்று ஒருமுறை கூப்பிட்டேன்.

"வூட்ட வுட்டு வந்தா அந்த நெல்லும் கெடையாதுன்னு நீதான எழுதியிருக்க" என்றாள். குற்றம் சொல்லவில்லை. இருப்பதைச் சொன்னாள்.

எண்பதாம் ஆண்டு கார்த்திகை. தீபத்துக்கு முந்தைய வாரம். தைத்து அட்டை போடுவதற்காக நூலகத்துக்கு வந்திருந்த பழைய பாடப் புத்தகங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் ஒன்றில் உருளைகளைப் பற்றிய பாடம் திறந்துகொண்டது. ஒரு செவ்வகத் தாளை நீளவாக்கில் சுருட்டினால் ஓர் உருளை, அகலவாக்கில் சுருட்டினால் இன்னோர் உருளை. இரண்டின் கொள்ளளவும் சமமா என்று கேட்டிருந்தது. சமம்தான், அதே தாள்தானே என்று மனத்துக்குள் பதில் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். சமமில்லை என்று இருந்தது.

நான் சரித்திரமும் புராணமும் பயணக் கட்டுரைகளும் படித்தவன். கணக்கைப் பள்ளியோடு விட்டவன். அந்தப் பக்கத்தை நாலு முறை படித்தேன். உருளையின் உயரம் இரட்டித்தால் கொள்ளளவு இரட்டிக்கிறது. ஆனால் சுற்றளவு இரட்டித்தால் கொள்ளளவு நாலு மடங்காகிறது. அகலமாக்கும்போது உயரம் பாதியாகக் குறைந்தாலும், மிஞ்சுவது இரண்டு மடங்கு.

வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு படி பொரி வாங்கினேன். நாட்காட்டித் தாள் இரண்டை நீளம் அகலத்துக்கு இருமடங்காக இருக்கும்படி வெட்டினேன். ஒன்றை நெட்டாகவும் ஒன்றை அகலமாகவும் சுருட்டி ஒட்டினேன். தாம்பாளத்தில் அகலமானதை வைத்து, அதற்குள்ளே நெட்டையானதை நிறுத்தி, நெட்டையில் பொரியை வழிய வழியக் கொட்டினேன். பிறகு நெட்டையை மெல்ல மேலே உருவினேன். பொரி சரசரவென்று இறங்கிப் பரவியது. அகலமான சுருளில் சரியாகப் பாதிக்கு வந்து நின்றது.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "இன்னா, கொழந்த மாதிரி பொரியில வெளயாட்டு?" என்றாள். தங்கைக்கு வருஷத்தில் பாதி நாள் சோற்றை நான்தான் நிறுத்தியிருக்கிறேன். நானே எழுந்து நின்று, நானே சத்தம் போட்டு, நானே எழுதி, அடியில் கோடும் போட்டு.

மார்கழி பிறந்ததும் மாமா வீட்டுக்குப் போனேன். அதே இரண்டு தாள் சுருள்களையும் பொரியையும் கொண்டுபோனேன். அவர் வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவருடைய மனைவி முறத்தை எடுத்து வந்து வைத்தார். அதன்மேல் சுருள்களை நிறுத்திக் கொட்டிக் காண்பித்தேன். பாதியில் நின்ற பொரியை அவர் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும் மச்சான்" என்றார்.

"தெரியுமா?"

"அன்னிக்குக் களத்துல மீதிய மூட்ட கட்டும்போதே தெரியும். நான் போட்ட கணக்குக்கு ரெண்டு மூட்ட ஜாஸ்தியா நின்னுச்சி. அகலமா கட்டுனா நாலு மூட்ட சில்லற புடிக்கும்னு கண்ணாலயே பாத்து வெச்சிருந்தேன். தம்பி பொண்ணு சாப்புடட்டும்னுதான் அப்படிக் கட்டச் சொன்னேன்."

"ஏன் மாமா அப்பவே சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா? அகலமா வெச்சதுக்கே வயித்துல அடிக்கறவன்னீங்க. அதுக்கப்புறம் இந்த ஊருல ஒருத்தனும் என்ன நேரா பாக்கல. டீக் கடையில ஒக்காந்தா, தம்பி சோத்துல கை வெச்சவன்னு பேச்சு." கயிற்றை முறுக்கிக்கொண்டே பேசினார். குரல் உயரவில்லை. "சரி, மாத்திக்கலாம். எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா எந்த எடத்துல சொன்னீங்களோ அந்த எடத்துல வந்து சொல்லுங்க. ஊரக் கூட்டி, அவுரு நாயமாத்தான் கட்டனாரு, நாந்தான் தெரியாம பேசிட்டேன்னு ஒரு வார்த்த. அப்புறம் அகலமா கட்டி ரொப்பறேன். போன ரெண்டு வருசத்து பாக்கியும் சேத்துக் குடுக்கறேன்."

ஒரு வார்த்தை. அவர் கேட்டது அவ்வளவுதான். நியாயம் என்பதும் எனக்குத் தெரிந்தது. வருகிறேன் மாமா என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

அன்று வீட்டுக்குத் திரும்பி, பேச வேண்டியதை எழுதி வைத்தேன். எழுதியதை மாற்றி எழுதினேன். ஆரம்பத்தில் கணக்கை விளக்கலாம் என்று தோன்றியது. விளக்கினால் என் தவறு கொஞ்சம் இயற்கையானதாகத் தெரியும். பிறகு அதைச் சுருக்கினேன். தை வந்தது. அறுவடை அன்று போகவில்லை. நூலகத்தில் கணக்கெடுப்பு என்று காரணம் இருந்தது. தகரம் எட்டடியாகவே நின்று நிரம்பியது. ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அந்த ஊர் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். ஊரே கூடும் நாள். அதற்கென்றே போனேன். கோயில் வாசலில் நாட்டாமை என்னைப் பார்த்து, "வாங்க கோபுரக்காரரே" என்று சத்தமாகக் கூப்பிட்டார். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. கூழை வாங்கிக் குடித்துவிட்டுக் கிரிவலப் பாதையில் நடந்தே ஊர் வந்து சேர்ந்தேன். அன்றைய நாட்குறிப்பில் இரண்டே சொற்கள்: போனேன். திரும்பினேன்.

எண்பத்திரண்டு தையிலும் நான் போகவில்லை. அந்தக் கோடையில் தங்கையின் பெண்ணைப் பார்த்தேன். நாலாம் வகுப்புப் படித்தாள். அவள் கை மணிக்கட்டை என் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சுற்றி, மிச்சம் இருந்தது. "மாமா, எங்க வாத்தியாரு மதியச் சோத்துல எனக்கு ரெண்டு கரண்டி போடுவாரு" என்று பெருமையாகச் சொன்னாள். நான் சிரித்தேன். எப்படிச் சிரிக்க முடிந்தது என்று இப்போது தெரியவில்லை.

அந்த வருஷம் மழை பொய்த்தது. ஐப்பசியில் இரண்டு நாள் பெய்ததோடு சரி. கிணறுகளில் தரை தெரிந்தது. ஏரியில் மாடு மேய்ந்தது. நாற்று விட்டவர்கள் நாற்றங்காலிலேயே மாட்டுக்கு அறுத்துப் போட்டார்கள்.

எண்பத்துமூன்று தை மாதம், மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், கடைசியாக நான் போனேன். எதையும் எழுதி எடுத்துப்போகவில்லை. ஊரைக் கூட்ட வேண்டியிருக்கவில்லை. வேலை இல்லாததால் ஆண்கள் எல்லோரும் கோயில் அடியில்தான் உட்கார்ந்திருந்தார்கள். மாமாவும் இருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு அவர்கள் நடுவே நின்று சொன்னேன். அன்றைக்கு மாமா நியாயமாகத்தான் கட்டினார். நான்தான் அறிவில்லாமல் பேசினேன். என்னால் என் தங்கைக்கு வருஷா வருஷம் பாதி நெல் போயிற்று. இதைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிஷத்துக்காக இரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

யாரும் கிண்டல் செய்யவில்லை. நாட்டாமை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா எழுந்து வந்து என் கையைப் பிடித்தார்.

"சரி மச்சான், வுடுங்க. இப்ப எப்படிக் கட்டனா இன்னா? ரொப்பறதுக்கு நெல்லு எங்க இருக்குது? எங்க வூட்டுலயே வெதைக்கு வெச்சத குத்தித் தின்னுக்கினு இருக்கறோம்."

தங்கையின் வீட்டுக்குப் போனேன். அவள் துணிகளை ஒரு மஞ்சள் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து ஊர் மேஸ்திரி பெங்களூருக்கு ஆள் சேர்க்கிறார், கட்டட வேலை, தினக்கூலி, தங்க ஷெட் தருகிறார்களாம். குழந்தைக்கும் ஜல்லி பொறுக்கும் வேலை உண்டாம். பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு வந்துவிட்டாளாம்.

கோயிலடியில் நான் சொன்னதை அவளிடமும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"எனக்கு அன்னிக்கே தெரியும்ணா. தெனமும் அரிசி களையறவளுக்கு எது ஜாஸ்தி புடிக்கும்னு தெரியாதா?"

"அப்புறம் ஏன் என்கிட்ட ஒரு தபாகூட சொல்லல?"

"சொன்னேனே. நீ சும்மா இருன்ன."

அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, திருவண்ணாமலை பஸ் நிலையத்தில் மேஸ்திரி ஏற்றிய கும்பலோடு இருவரும் ஏறினார்கள். நான் இரண்டு ரொட்டிப் பொட்டலமும் என் முகவரி எழுதிய பத்து அஞ்சலட்டைகளும் வாங்கிக் கொடுத்தேன். "மாமா, பெங்களூருல குளிருமா?" என்று குழந்தை ஜன்னலிலிருந்து கேட்டாள். குளிரும் என்றேன். போர்வை கொடுத்தனுப்ப வேண்டும் என்று பஸ் போன பிறகுதான் தோன்றியது.

பத்து அட்டைகளில் மூன்று வந்தன. யாரிடமோ சொல்லி எழுதியவை. மூன்றும் வேறு வேறு கையெழுத்து. மூன்றாவதில், இங்கே நாலு மாடிக் கட்டட வேலை முடியப் போகிறது, வேறு இடம் போவோம், போனதும் எழுதுகிறேன் என்று இருந்தது. அஞ்சல் முத்திரையிலிருந்து பேட்டையின் பெயரைப் படித்துக்கொண்டு, எண்பத்தைந்து வைகாசியில் விடுப்புப் போட்டுவிட்டுப் பெங்களூர் போனேன். இரண்டு நாள் அலைந்து, கடைசி அட்டையில் சொல்லியிருந்த கட்டடத்தைக் கண்டுபிடித்தேன். நாலு மாடி. குடியிருப்பவர்கள் வந்துவிட்டார்கள். மாடியில் துணி காய்ந்தது. ஷெட் இருந்த இடத்தில் ஸ்கூட்டர்கள் நின்றன.

காவல்காரர் தர்மபுரிப் பக்கத்து ஆள். தங்கையின் பெயரைச் சொன்னேன்.

"அந்தப் பேருல மூணு பேரு இருந்தாங்க சார். எந்த ஊருக்காரங்க?"

திருவண்ணாமலை என்றேன்.

"மூணு பேருமே அந்தப் பக்கம்தான். ஒருத்தி இங்கயே சாரத்துலேர்ந்து வுழுந்து போயிட்டா. மத்தவங்க மேஸ்திரியோட எங்கயோ போயிட்டாங்க."

விழுந்தவளுக்குக் குழந்தை இருந்ததா என்று கேட்டேன்.

நினைவில்லை சார் என்றார். அப்போது தன்னோடு இருந்து, பிறகு வேலையை விட்டுப்போன பழைய காவல்காரருக்குத் தெரிந்திருக்கலாம் என்றார். அந்தப் பழைய ஆள் எந்த ஊர் என்று கேட்டேன். அதுவும் இவருக்குத் தெரியவில்லை.